மணி ஒலித்த பின்னரே

பென்டிரைவைச் செருகியதும் பாட்டு ஓட்டும் டெக்கின் சிறிய திரையில் பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றுகூட அதன் இடத்தில் இல்லை.

முதல் பாட்டைத் தொட்டால் "கோப்பு இல்லை" என்றது. அடுத்தது ஓடியது, ஆனால் திரையில் அதன்மேல் போட்டிருந்த அடையாளக் கோடுகளைக் காணோம்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள். இந்த மாதத்தில் இது மூன்றாம் முறை.

கீழே மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்குத் திருமண வரவேற்பு. ஆடுவதற்கென்றே மணமக்கள் நாற்பது பாட்டுகளின் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நேரம் இப்போதே நான்கே கால்.

"டேய், மணி கேட்டப்புறம்தானே எடுத்தே?"

தம்பி ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை ஊன்றியபடி நின்றிருந்தான். இரண்டாம் முறை கேட்ட பிறகே திரும்பினான்.

"பின்ன? இருபத்தெட்டு வருஷமா டெக்குல நிக்கறேன். எனக்கே பாடமா?"

"பாடம் இல்லடா, நோட்டீஸ். உன் கண்ணு முன்னாடியே ஒட்டி வெச்சிருக்கேன்."

மடிக்கணினித் திரையின் கீழ்விளிம்பில் அது இருந்தது. நூலகத்தில் முப்பது ஆண்டுகள் புத்தகப் பட்டியல் எழுதிய கையெழுத்து. ஒரு சுழி பிசகாது. "மணி ஒலித்த பின்னரே எடுக்கவும்."

காரணம் இருந்தது. பட்டை நிரம்பி நூறு என்று நின்ற பின்னும் கணினி பென்டிரைவுக்குள் எழுதிக்கொண்டேயிருக்கும். எல்லாம் முடிந்தால்தான் கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோல் மெல்லிய மணி ஒன்று ஒலிக்கும். அதற்கு முன் பென்டிரைவைப் பிடுங்கினால் பாட்டுகள் ஒரு பக்கமும் பட்டியல் ஒரு பக்கமும் போய்விடும்.

முதல் முறை கெட்டபோது பென்டிரைவை மாற்றினாள். இரண்டாம் முறை மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். இனிமேல் சந்தேகப்படுவதற்கு ஒரு பொருளும் மிச்சமில்லை, அலுப்புத்தான் மிச்சம்.

வெள்ளிதோறும் கணினியில் எடுத்து வைக்கும் பாட்டுகளின் பழைய படி கைவசம் இருந்தது. பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்து, அந்தப் படியிலிருந்து இரண்டாயிரம் பாட்டுகளையும் மறுபடி அனுப்பினாள். பட்டை நத்தையாக நகர்ந்தது.

கோடுகள் இல்லாமல் ஓட்டிவிடலாமே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

தாளம் விழும் இடத்தில் ஒரு கோடு, பாடுகிறவர் நுழையும் இடத்தில் ஒரு கோடு, அடுத்த பாட்டைக் கோக்கும் இடத்தில் ஒரு கோடு. முன்பெல்லாம் இவற்றைக் கண்டாலே தம்பிக்கு இளக்காரம். கோடு பார்த்துப் பாட்டுப் போடுகிறவனெல்லாம் ஓர் ஆளா என்பான். போன வருஷம் அவனே தேடி வந்து, எல்லாப் பாட்டுக்கும் கோடு போட்டுக் கொடு அக்கா என்று கேட்டான். வயதானால் புத்தி வரும் என்று அவள் மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். எட்டு மாதம் உட்கார்ந்து போட்டாள்.

பட்டை நிரம்பியது.

"நீ போய் மூஞ்சி கழுவிட்டு வாக்கா. நான் எடுத்து வெக்கறேன்."

சென்ற முறைகளிலும் இதையேதான் சொன்னான். அவளும் எழுந்து போயிருந்தாள். இன்று எழுந்திருக்க அலுப்பு. பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தம்பியின் விரல்கள் மேசை விளிம்பில் ஒவ்வொன்றாக மடங்கின. தாளம் போடுகிறான் என்று நினைத்தாள். ஆனால் பாட்டு எதுவும் ஓடவில்லை.

அவன் உதடுகளைப் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு.

நூறு ஆனதும் அவன் கை பென்டிரைவுக்குப் போனது. அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருடா!"

"என்னக்கா நீ? அதான் மணி அடிச்சிடுச்சே."

மணி அடிக்கவில்லை.

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. கணினி உள்ளே எழுதிக்கொண்டிருந்தது. பாட்டுகள் கூடக் கூட எழுதும் நேரமும் கூடியிருந்தது. அவனுடைய நூறு மட்டும் கூடவில்லை.

"கையை விடுக்கா. நேரமாகுது. இப்படியே பிடிச்சிட்டு நின்னா வரவேற்புல நாம ரெண்டு பேரும்தான் ஆடணும்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி ஒலித்தது. சன்னமாக, தெளிவாக, ஒரே ஒரு முறை.

அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"விடுக்கா" என்றான் மறுபடியும்.

அவள் விட்டாள்.

பென்டிரைவை டெக்கில் செருகினான். எல்லாப் பெயர்களும் அதனதன் இடத்தில் நின்றன. முதல் பாட்டைத் தொட்டதும் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் எழுந்தன. அவன் மூச்சை விட்ட விதத்தை அவள் பார்த்தாள்; பிழைத்தோம் என்ற மூச்சு அது.

"பாத்தியா? மணி அடிச்சதும் எடுத்தா ஒண்ணும் ஆகாது. நான் எப்பவும் அப்படித்தான் எடுக்கறேன்."

அக்கா திரையின் விளிம்பிலிருந்த காகிதத்தை நகத்தால் நிமிண்டி, ஓரம் கிழியாமல் உரித்து எடுத்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவன் முகத்துக்கு நேரே நின்ற பின்னரே வாயைத் திறந்தாள்.

"இனிமே மணியை நான் பாத்துக்கறேன். நீ பாட்டைப் பாரு."

தம்பி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாட்டை ஓடவிட்டு, உள்ளங்கையை மறுபடியும் அதிரும் பெட்டியின்மேல் வைத்தான்.