கழுவாத பாத்திரம்

"இதெல்லாம் ஒரு படமா? கழுவாம போட்ட பாத்திரத்தை வரைஞ்சு, சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கா! வெட்கமா இல்ல?"

காபிக் கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற அம்மாளின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"யாரும்மா நீங்க?" என்றார் கடை முதலாளி.

"இதை வரைஞ்சவளோட மாமியார். போதுமா?"

போதும். அதற்கு மேல் யாருக்கும் எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. தீர்ப்பு அப்போதே எழுதியாகிவிட்டது.

அந்தக் கடையில் உள்ளூர் ஓவியர்களின் படங்களை மாட்டுவார்கள். கலைச் சேவையாம். முதலாளி வைத்த விதி ரொம்ப எளிது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத படம் சனிக்கிழமை இறங்கிவிடும். அதிகம் பேர் நின்று பார்க்கிற படம் பக்கத்துத் தெரு சமுதாயக் கூடத்தில் நடக்கிற கண்காட்சிக்குப் போகும்.

மருமகளின் படத்துக்குக் கிடைத்த இடம் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில். தொட்டி நிறையப் பாத்திரம், மேலே ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான் படம். கடைக்கு வருகிறவர்கள் அதை ஏதோ அறிவிப்பு என்று நினைத்துக் குடித்த கப்பையெல்லாம் அதன் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

கலை விமர்சனம் எழுதுகிற பேராசிரியர் ஒருவர் தினமும் வருவார். தன் குடையை அந்தச் சட்டத்தின் மூலையில்தான் மாட்டுவார். திங்கட்கிழமை யாரோ ஒருத்தர் "அது அழகா இருக்குல்ல?" என்று கேட்டதற்கு, போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "எது, குடையா?" என்றார். அந்த அளவுக்கு ரசனை.

அதே பேராசிரியர்தான் இப்போது முதலில் எழுந்தார்.

"அம்மா, இது கலை. உங்களுக்குப் புரியாது."

"கலையா? நாலு நாள் பாத்திரம் தொட்டியிலயே ஊறிச்சு சார். வீடே நாறிப்போச்சு. அதுக்குப் பேரு கலையா?"

"உங்களை மாதிரி மாமியாருங்க இருக்கிறவரைக்கும் எந்தக் கலைஞரும் உருப்பட முடியாது!"

ஓரத்து மேஜையிலிருந்த பல் டாக்டரம்மா ஒருவர் காபியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, இந்தப் பொண்ணு என்ன பாடு படுதோ! அந்த அடிப்பிடிச்ச சட்டியைப் பாருங்க. எவ்வளவு வலி!"

"அது பால் அடிப்பிடிச்சது. வலியுமில்ல, மண்ணுமில்ல," என்றாள் மாமியார்.

மறுநாளும் வந்தாள். "சில்வர் பாத்திரத்துக்கு யாராவது நீலம் அடிப்பாங்களா? கண்ணு தெரியாதா இவளுக்கு?"

அவ்வளவுதான். நீலத்துக்காகக் கடையே கச்சை கட்டிக்கொண்டு இறங்கியது. படத்தில் நீலம் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்த பேராசிரியர், நீலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை வேறு.

மாமியார் விடுவதாக இல்லை. அடுத்த நாள் ஜன்னலைத் திட்டினாள். அதற்கும் கூட்டம்.

சனிக்கிழமை முதலாளி அறிவித்தார். "கண்காட்சிக்குப் போறது பாத்திரப் படம்தான்!"

ஒரே கைதட்டல். "நாசமாப் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மாமியார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

கண்ணாடிக் கடை வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் மருமகள் உள்ளே வந்தாள். படத்தை இறக்கியிருப்பார்கள், எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையில் பழைய போர்வையோடு வந்தவள், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பல் டாக்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இரும்மா. நாங்க இருக்கோம். அந்த அம்மா பேசின பேச்சு இருக்கே!"

"முதல் நாளே இந்தப் படம் என்னை உலுக்கிடுச்சும்மா," என்றார் பேராசிரியர். அதைச் சொல்லும்போதும் குடை அதே மூலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது முழுவதையும் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லி முடித்த திருப்தியில் எல்லோரும் கலைந்தார்கள். மருமகள் நேராக மாமியாரிடம் போனாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் அத்தை? பிடிக்கலைன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாமே. கடையில வந்தா என் மானத்தை வாங்கணும்?"

மாமியார் படத்துக்குக் கீழே கிடந்த எச்சில் கப்புகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தாள்.

"அட அசடே. திங்கட்கிழமை மேஜை மேஜையாப் போய் அழகா இருக்கு, பாருங்கன்னு கெஞ்சினேன். ஒருத்தரும் தலையைத் தூக்கல. ஒருத்தர் எது, குடையாங்கறார்! பாராட்டினா யாரு காதுல விழுது? மாமியாரா வந்து திட்டினேன் பாரு, ஊரே உன் பக்கம் சேர்ந்துடுச்சு."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நிஜமாவே பிடிச்சிருக்கா அத்தை?"

"பிடிக்காமத்தான், உன் புருஷன் பாத்திரம் கழுவப் போனப்ப, படம் முடியறதுக்குள்ள ஒரு கரண்டி நகர்ந்தாலும் தொலைச்சிடுவேன்டான்னு அந்த நாத்தத்துல நாலு நாள் காவல் உட்கார்ந்திருந்தேனா?"

மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்த பேராசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை எடுக்காமலே இறங்கி, நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தார்.