சுப்பன் வீட்டுப் பள்ளம்

"அண்ணாச்சி, இந்தக் குழிய மூடுதியளா, இல்ல நான் ரூமக் காலி பண்ணட்டா?"

பைக்கை விட்டு இறங்காமலே கத்தினான் இசக்கி. ஹேண்டிலில் மாட்டியிருந்த சாம்பார் பொட்டலம் குழியில் வண்டி இறங்கின இறக்கத்தில் உடைந்து, பேண்ட் எல்லாம் சாம்பார்.

கேட்டோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த வீட்டு ஓனர் சுப்பன் சிரித்தார்.

"அண்ணாச்சின்னு கூப்புடாதப்பா. நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?"

ஒரகடம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வருகிற தார்ப்பாதை, சுப்பன் தன் நிலத்தில் தானே போட்டது. ஒரு பக்கம் அவர் வீடு, கடைசியில் வாடகை ரூம்கள். ரூமில் இருப்பதெல்லாம் கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள். சுப்பன் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரேதான் அந்தப் பள்ளம்.

"விரிசல்ல தார ஊத்தி, குழியில ஜல்லி போட்டு அமுக்கிட்டா கொஞ்ச வருசம் தாங்கும் அண்ணாச்சி. இப்படியே விட்டா மொத்தப் பாதையும் போயிரும்."

"போட்டு இன்னா பிரயோஜனம்? அடுத்த மழைக்குப் பேத்துக்கும். வேஸ்ட்டுப்பா."

அன்றைக்கே ரூம் முழுக்க இதே பேச்சு.

"ஹைவேயில தார் போடுதவன் நம்ம ஊர்க்காரன். மிச்சத் தாரச் சும்மாவே தாரேங்கான்" என்றான் பேச்சிராஜ். "அதையும் வேண்டாங்காரு. நம்ம இடுப்பு ஒடிஞ்சா அந்தக் கஞ்சனுக்கு என்னல?"

மறைமலை நகரில் மகன் வீட்டு விசேஷத்துக்கு சுப்பன் கிளம்பின ஞாயிற்றுக்கிழமை, பையன்கள் வேலையை முடித்துவிட்டார்கள். குழி போன இடம் தெரியவில்லை.

சுப்பன் சாப்பிட்ட கையோடு திரும்பி வந்துவிட்டார். மூடின இடத்தைச் செருப்புக் காலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் என்ன! ஷிஃப்ட் முடிந்தால் வண்டிகள் சர்ரென்று ரூம் வாசலில்தான் போய் நின்றன.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் கட். ரூமில் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்த இசக்கி, கேட் வரைக்கும் நடந்தான். சுப்பன் அதே சேரில் இருந்தார்.

"இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு" என்றார் சுப்பன்.

இசக்கி ஒன்றும் கேட்கவேயில்லை.

முன்பெல்லாம் கேட்பான். பள்ளத்துக்காக வண்டியை மெதுவாக்கும்போது, ஊர்ப் பழக்கத்தில் 'சாப்ட்டாச்சா அண்ணாச்சி' என்று வாய் தானாகக் கேட்கும். வணக்கம் சொல்கிற மாதிரி, அவ்வளவுதான். மனுஷர் அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, குழம்பில் உப்பு கூடினது வரைக்கும் சொல்லித்தான் விடுவார்.

"முள்ளங்கி போட்டு வச்சேன். காரம் கொஞ்சம் தூக்கல்."

"ம்."

"காலைலேர்ந்து இப்பதாம்பா வாயத் தொறக்கறேன்."

இசக்கி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குள் ரூம்களில் விளக்கு எரிந்தது.

"கரண்ட் வந்துடுச்சி பாரு. போ, ஃபேனப் போட்டுப் படு" என்றார் சுப்பன்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை. வேலைக்குக் கிளம்பின பேச்சிராஜ் வண்டியோடு அதே இடத்தில் தடுமாறினான். இறங்கிப் பார்த்தால் பழையபடி பள்ளம்!

"மழையே இல்லையே! எல, கடப்பாரையால தோண்டியிருக்காருல அந்த ஆளு! இவ்வளவு கெட்ட எண்ணமா? வா, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுருவோம்."

பின்னால் வந்த இசக்கி அவன் கையைப் பிடித்தான்.

"அவர ஏசாத. தோண்டுனது நாந்தான்."

"கிறுக்கால ஒனக்கு? சாம்பார் கொட்டிச்சின்னு குதிச்சவன் நீதான!"

"அந்த மனுசன்கிட்ட நின்னு பேசுததுக்கு நம்மள விட்டா ஆளு கெடையாதுல."

"அதுக்கு நின்னு பேசிட்டுப் போக வேண்டியதுதான? பாதைய எதுக்குல ஒடச்ச?"

குழியோரம் சிதறிக் கிடந்த ஜல்லியை இசக்கி காலால் ஒதுக்கினான்.

"பேசணும்னுதாம்ல தெனமும் நெனச்சேன். பாதை நல்லாருந்துச்சா, மறந்து மறந்து போயிருது."