யோசப்பின் போட்ட நிபந்தனை

“அந்த ஹோட்டலிலை எண்டால் பாடுறன் தம்பி. இல்லையெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ.”

யோசப்பின் அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். மயூரதனுக்குத்தான் தலை சுற்றியது.

இணுவிலில் பிறந்து ஒஸ்லோவில் பெரிய இசையமைப்பாளராகிவிட்டவன் அவன். வீடு வாசலை இழந்து இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிப் புதிதாக ஒரு சிம்பொனி எழுதித் தரும்படி அங்குள்ள அறக்கட்டளை ஒன்று கேட்டிருந்தது. மூன்று பாகங்களை எழுதி முடித்துவிட்டான். கடைசிப் பாகத்துக்கு மட்டும் ஒன்றுமே வாய்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் இந்த இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்து, யேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலப் புலம்பலை யோசப்பின் பாடுவதைக் கேட்டான். கடைசிப் பாகம் முழுவதையும் அந்தக் குரலின் மேலேயே கட்டிவிட்டான். இனி அவரில்லாமல் சிம்பொனி இல்லை. அது யோசப்பினுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

“அன்ரி, அது ஆமியின்ரை உயர்பாதுகாப்பு வலய வேலிக்கு உள்ளுக்கை இருக்கிற கடற்கரை ஹோட்டல். உங்கடை ஊரும் அதுக்குள்ளைதான் அம்பிட்டுக் கிடக்கு. அங்கை போய் அகதிகளைப் பற்றி வாசிச்சால் சனம் என்னைக் காறித் துப்பும்.”

“துப்பட்டும். துடைச்சுப்போட்டு வாசியுங்கோ.”

கூட வந்திருந்த நிகழ்ச்சி ஒழுங்கமைப்பாளர் றஜனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “யாழ்ப்பாணம் டவுனிலை நல்ல மண்டபம் பேசியிருக்கிறம் அன்ரி. ஏசியும் இருக்கு.”

“எனக்கு ஏசி ஒத்துவராது பிள்ளை.”

“கடல்தானே வேணும்? வல்வெட்டித்துறைக் கடற்கரையிலை மேடை போடுறன்” என்றான் மயூரதன்.

“அந்தக் கடல் வேண்டாம்.”

“எல்லாம் ஒரே கடல்தானே?”

“உங்களுக்கு.”

மயூரதனுக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. குரலைத் தாழ்த்தினான். “உங்கடை வீட்டை ஒருக்காப் பார்க்கத்தானே ஆசைப்படுறியள்?”

“வீடு எங்கை தம்பி கிடக்கு? இடிச்சு, அதுக்கு மேலாலை ரோட்டும் போட்டாச்சாம். நான் வீடு பார்க்கக் கேக்கேல்லை.”

“அப்ப என்னத்துக்கு?”

“வடிவான இடமாம்.”

பேச்சு அதோடு முடியவில்லை. கச்சேரியை நவம்பர் இரண்டாம் திகதிதான் வைக்க வேண்டுமாம். மழைக்காலம், ஈரத்தில் வாத்தியங்கள் பழுதாகிவிடும் என்று மயூரதன் மன்றாடினான். குடையைப் பிடியுங்கோ என்றார். பின்னுக்கு நின்று பாட எட்டுப் பேர் போதும் என்றான். முகாமிலுள்ள தன் ஊர்ச் சனம் நாற்பது பேரும் வருவார்கள் என்றார்.

“நாப்பது பேருக்கும் பாட வருமோ அன்ரி?”

“செபநாயகத்துக்குக் காதே கேக்காது. அவரும் வருவார்.”

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் மயூரதன் பொரிந்து தள்ளினான். “பாத்தியே றஜனி, உவையளுக்காக நான் உயிரைக் குடுத்து எழுதுறன். உவைக்கு ஹோட்டல் சாப்பாடும் சுற்றுலாவும்தான் பெரிசாக் கிடக்கு.”

“பாவங்கள் அண்ணை. முப்பத்தைஞ்சு வருசமாத் தகரக் கொட்டிலுக்குள்ளை கிடக்குதுகள். ஒரு நாள் நல்லாச் சாப்பிட்டுப் போகட்டுமே.”

உடுவிலில் சங்கீதம் படித்த பாடகி ஒருத்தியை வைத்தும் பாடிப் பார்த்தான். சுருதி சுத்தமாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்கக் கொட்டாவி வந்தது. வேறு வழியில்லை. மனத்துக்குள் திட்டிக்கொண்டே சம்மதித்தான். வெளிநாட்டுத் தூதரகத்தார் வருகிறார்கள் என்றதும் ஹோட்டல்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள். நாற்பது பேருக்கும் உள்ளே போக அனுமதி கிடைத்தது. அதைச் சொன்னபோது யோசப்பின் மயூரதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு நேரச் சாப்பாட்டுக்கா இப்படி என்று அவனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

கச்சேரியன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். முதல் மூன்று பாகங்களும் அருமையாகப் போயின. முன்வரிசையில் ஒரு தூதரின் மனைவி மூக்கைத் துடைத்தார். வாத்தியக் குழுவை நடத்திக்கொண்டிருந்த மயூரதன் இடப்பக்கக் கதவை நோக்கிக் குச்சியை உயர்த்தினான். பக்கத்து அறையில் காத்திருக்கும் நாற்பது பேரும் மேடைக்கு வர வேண்டிய இடம் அது.

யாரும் வரவில்லை.

வயலின்காரர்கள் ஒரே சுரத்தை இழுத்து இழுத்துக் கை சோர்ந்தார்கள். கூட்டத்தில் இருமல் கேட்டது. றஜனி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெளிறிய முகத்தோடு திரும்பினாள். “அறை வெறுமை அண்ணை. பின்கதவு திறந்து கிடக்கு.”

இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே நாறிப்போவதை அவனால் தாங்க முடியவில்லை. குச்சியை எறிந்துவிட்டுப் பின்கதவால் பாய்ந்தான்.

“மானத்தை வாங்கிப்போட்டியளே அன்ரி! சாப்பாடு எங்கை ஓடப்போகுது?”

சொல்லி முடிக்கவில்லை, கால்கள் நின்றுவிட்டன. ஈரப் புல்தரை முழுவதும் மெழுகுதிரிகள் எரிந்தன. முகாம் சனம் தனித்தனியாகவும் இரண்டு மூன்று பேராகவும் பிரிந்து, ஆளுக்கொரு இடத்தில் முழந்தாளில் இருந்தார்கள். யோசப்பின் நீச்சல் குளத்தின் விளிம்பில் குந்தியிருந்து, காற்றுக்கு அணையாமல் ஒரு திரியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

“கத்தாதேங்கோ தம்பி” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. “இண்டைக்குச் செத்த ஆத்துமாக்களின்ரை திருநாள், கல்லறைக்குத் திரி கொளுத்த வேணும். எங்கடை ஊர்ச் சேமக்காலைக்கு மேலைதானே உந்த ஹோட்டலைக் கட்டி வைச்சிருக்கினம். என்ரை மூத்தவனைப் புதைச்ச இடம் உந்தத் தண்ணிக்குக் கீழை.”