அகப்பை யார் கையில்?

"அகப்பையக் குடுங்க ராமக்கா. நான் ஊத்தறேன்."

பாஞ்சாலி கையை நீட்டியதும் ராமக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு? எங்கையில என்ன புண்ணா?"

"இல்லீங்க, கொதிக்கிற கஞ்சி. கீழ சிந்துது பாருங்க."

"சிந்தினா சிந்தட்டும். பூமாதேவிக்கும் பசிக்குமில்ல?"

கலயத்தோடு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாஞ்சாலியும் சேர்ந்து சிரித்தாள். அது ராமக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டத் தெரியாத ஒருத்தியிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

மழையும் பொய்த்து, உலகச் சண்டையால் பர்மா அரிசியும் நின்றுபோன வருஷம் அது. கதியற்ற வயசானவர்களுக்காகப் பாப்பாரப்பட்டிச் சந்தைத் திடலில் ஒரு கஞ்சித் தொட்டி திறந்தார் ராகி வியாபாரி பக்ருதீன் பாய். முதல் நாள் அடுப்பு மூட்டியவள் ராமக்கா. கூலி கிடையாது. "நல்லாருப்பே தாயி" என்ற வார்த்தைதான் கிடைக்கும். அதுவே அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது, இந்தப் பாஞ்சாலி வந்து சேரும் வரைக்கும்.

வந்தவள் சும்மா இருந்தாளா? வெயிலில் யாரும் வாடக்கூடாது என்று பந்தல் போட வைத்தாள். ரேஷன் கடைக்குப் போய், "வயசானவங்கள கியூவுல நிக்க வெக்காதீங்க, மொதல்ல அளந்து அனுப்புங்க" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டி, ஜெயித்தும் வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஊரெல்லாம் பாஞ்சாலி புராணம்தான்.

"தங்கமான பொண்ணுங்க ராமக்கா இந்தப் பாஞ்சாலி" என்றார் மல்லையன். எழுபதைத் தாண்டிய மனிதர். வாயில் ஒரு பல் கிடையாது.

"கஞ்சி ஆறுது. வாய மூடிக்கிட்டுக் குடி மல்லையா."

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் ராமக்கா அகப்பையாலேயே ஒன்று போட்டிருப்பாள். ஆனால் அது பொறாமைதான், சந்தேகமேயில்லை. பாஞ்சாலி கொண்டை போடுகிற அழகு பிடிக்கவில்லை. கஞ்சிப் பானையைத் தனியாளாக இறக்கி வைக்கிற தெம்பு பிடிக்கவில்லை. முக்கியமாக, ராமக்கா எதைத் தூக்கப் போனாலும் ஓடி வந்து பிடுங்கிக்கொள்கிறாளே, அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்றைக்குக் குடம், நாளைக்கு விறகு, அப்புறம் அகப்பை. அப்புறம் நமக்கு இங்கே என்ன வேலை?

தாசில்தார் தொட்டியைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. விறகு எடுக்கக் கொட்டகைப் பின்பக்கம் போன ராமக்காவின் காதில் பேச்சு விழுந்தது.

"ராமக்கா இனிமே அடுப்பங்கிட்ட நிக்கக்கூடாதுங்க பாய். பாக்கவே சகிக்கலைங்க எனக்கு."

"நானும் பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். எப்படிச் சொல்றது? கோவிச்சுக்கிட்டு வராமயே போயிட்டா?"

"தாசில்தார் முன்னால சொல்லிருங்க. அப்ப மறுத்துப் பேச மாட்டாங்க."

ராமக்காவுக்குக் கண் இருட்டியது. அடிப் பாவி! பெரிய மனுஷர் வரும் நாளிலா என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாய்?

மறுநாள் துவைத்த சேலையை உடுத்திக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி வந்து அகப்பையைக் கைப்பற்றிக்கொண்டாள். தாசில்தார் பந்தலுக்குள் வந்தார். எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள்.

பாய் தொண்டையைச் செருமினார். "ராமக்கா, அகப்பையப் பாஞ்சாலிகிட்டக் குடுத்துட்டு இப்படி வாங்க."

"மாட்டேன்!"

பந்தலே திரும்பிப் பார்த்தது.

"தொட்டி தொறந்த நாள்லருந்து ஊத்தறவ நானு. இந்தக் கெழடுங்கள்ல யாருக்கு உப்பு ஆவாது, யாருக்குச் சூடு ஆவாதுன்னு இவளுக்கு என்ன தெரியும்? மினுக்கிக்கிட்டு நேத்து வந்தவளுக்கு அகப்பை, எனக்கு வெரட்டா? நீங்களும் அவ பக்கம் சாஞ்சிட்டீங்களே பாய்!"

"ஐயோ, அதுக்கில்லீங்க ராமக்கா..." பாஞ்சாலி கிட்டே வந்தாள்.

"தொடாதடி! எம்மேல கை பட்டுது, என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

சொல்லும்போதே ராமக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இதை விட்டால் நாளைக்கு விடிந்ததும் எங்கே போவது, யாருக்காக எழுந்திருப்பது?

தாசில்தாருக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. "சரி சரி, உங்க பஞ்சாயத்து அப்புறம்" என்றவர் வரிசையைப் பார்த்தார். "இங்கே இருக்கிறவங்கள்ல வயசுல மூத்தவர் யாரு? முதல் கலயத்தை என் கையாலே அவருக்குக் கொடுக்கிறேன்." அவர் கண் மல்லையன் மேல் போய் நின்றது. "என்ன பெரியவரே, நீங்கதானே?"

மல்லையன் பதறிப்போய்த் தன் கலயத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நானில்லீங்க எசமான். ஒக்காந்து ஒரு வாய் குடிங்கன்னுதான் பாயும் அந்தப் பொண்ணும் இவ்வளவு நேரமா இந்த ராமக்காவக் கெஞ்சறாங்க. நான் கொழந்தையா இருந்தப்ப எனக்குத் தூளி ஆட்டுனதே இவங்கதானுங்க!"