வலது காலில் ஒரு மச்சம்

இப்பல்லாம் எவனாவது இலவசம்னு ஒரு போர்டு மாட்டினால் போதும், ஜனங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றுவிடுகிறார்கள். என்ன ஏதுன்னு ஒரு கேள்வி கிடையாது.

கீழ்பென்னாத்தூர் சகாதேவனுக்கு அதுதான் எரிச்சல். போன மாதம் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நடந்த இலவசத் தோல் நோய் முகாமில் அவர் பங்காளி ராமன் போய்க் காலை நீட்டினான். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. டார்ச் மாதிரி ஒரு கேமராவைப் பாதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் ஆரம்பம் என்றார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கால் சுண்டுவிரலை எடுத்தாகிவிட்டது. இப்போது ராமன் வரப்பில் ஜம்மென்று நடக்கிறான்.

"ஜம்முனு நடக்கிறான்னா அவனுக்கு நோவே இல்லன்னுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிற கும்பல்டா இது," என்றார், போலீஸ்காரனான அக்கா மகன் வல்லரசுவிடம்.

"ஆதாரம் வேணும் மாமா."

"நான் தரேன்."

இந்த மாத முகாமன்று விடிகாலையிலேயே எழுந்தார். மீசைக்குப் போடுகிற ஹேர்டையைத் தீக்குச்சியில் தொட்டு, வலது பாதத்தில் பொறுமையாக ஒரு மச்சம் வரைந்தார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் பழுப்பு, ஓரமெல்லாம் கோணல்மாணல். இல்லாத நோயை இருக்குன்னு அவர்கள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வல்லரசு மஃப்டியில் முகாம் வாசலில் நின்றான். உள்ளே டாக்டர் தேவிப்ரியா, சின்னப் பெண். சகாதேவன் வலது செருப்பை மட்டும் கழற்றிவிட்டுக் காலை ஸ்டூல் மேல் போட்டார்.

"எத்தினி நாளா இருக்குதுங்க ஐயா?"

"நீதானே டாக்டரு. உன் மிஷின் சொல்லாதா?"

கேமராவை வைத்ததும் திரையில் அவர் பாதம் உழுத நிலம் மாதிரி விரிந்தது. அவள் வெளிச்சத்தை இரண்டு முறை மாற்றினாள். வல்லரசு ஓரடி உள்ளே வந்தான்.

"ஐயா, இது சாயம். தோலுக்கு மேலயே நிக்குது, உள்ள ஒண்ணுமில்ல." ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். பாதி மச்சம் பஞ்சோடு வந்தது.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வல்லரசு செல்போனைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆனா அச்சு அசலா வரைஞ்சிருக்கீங்க. நெசமா இப்படி ஒண்ணு கால்ல இருந்தா நாங்க ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட மாட்டோம். எதைப் பாத்து வரைஞ்சீங்க?"

"எவனோ உனக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டான்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவங்க சரியாத்தானே மாமா சொன்னாங்க?" என்றான் வல்லரசு, வாசலில்.

"கெட்டிக்காரியைத்தான்டா கும்பல் முன்னால உக்கார வைக்கும். நம்மளப் பாத்ததும் உஷாராயிட்டா, அவ்ளோதான்."

திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

அவர் பார்த்து வரைந்த அசல் மச்சம், மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டு, இடது செருப்புக்குள் அவர் கூடவே போனது.