வெயிலில் எடுத்த படம்

"இன்னுங் கொஞ்சம் சிரி கண்ணு" என்றார் ஜீவானந்தம் மாமா, போன் லென்ஸின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு.

சிரித்தேன். விரலை எடுக்கச் சொன்னது அம்மா.

மே மாத ஞாயிறு. ஏற்காட்டைத் தாண்டி, மஞ்சக்குட்டை போகும் சாலையோரக் காப்பித் தோட்டம். ஊரெல்லாம் படகு விட வந்திருந்தது. நாங்கள் மூவரும் சேலத்திலிருந்து புளிசோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறியது என்னை ஒரு படம் எடுக்க.

கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் ராஜ்குமாருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார்கள். படங்கள் கைமாறின. அப்புறம் அவனுடைய அத்தை போன் செய்தாள்.

"ஏனுங்க, உங்க புள்ள போட்டோ ஸ்டுடியோவுல வேல பாக்குதுங்களாமா? கம்ப்யூட்டர்ல தொட்டதெல்லாம் வேண்டாமுங்க. வெயில்ல வெச்சு எடுத்தது ஒண்ணு அனுப்புங்க."

வெயிலில் வைத்து. கத்திரிக்காயைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்ப்பதுபோல.

ஸ்டுடியோவில் என் வேலையே பெண்களை வெளுக்க வைப்பதுதான். கறுப்பு என்று தள்ளுகிறவர்களையும் தெரியும், வெளுத்துக் கொடு என்று கேட்டு வருகிறவர்களையும் தெரியும். இரண்டு கூட்டத்தின் மேலும் எனக்கு மரியாதை இல்லை.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொன்னால் அம்மா ஒரு வாரம் சாப்பிட மாட்டாள். அவர்களே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். வெளிச்சம்தானே கேட்டார்கள்? கொடுத்துவிடலாம்.

மாமா முதலில் என்னை ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினார். "பாரு, புள்ளி புள்ளியா எத்தன அழகு!"

தரையிலும் என் மேலும் வெயில் வட்டங்கள் கிடந்தன. இலைகளுக்கு நடுவே உள்ள சந்து எந்தக் கோணலில் இருந்தாலும் கீழே விழும் பொட்டு வட்டமாகத்தான் இருக்கும். ஏனென்றால் அது சந்தின் வடிவம் இல்லை, சூரியனின் படம். ஒவ்வொரு சந்தும் ஒரு கேமரா. கிரகணத்தன்று இதே மரத்தடியில் அத்தனை பொட்டும் பிறையாகிவிடும். இதை மாமாவுக்குச் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார்.

அதற்குள் அம்மா கத்தினாள். "ஜீவா, கன்னத்துல பொட்டு உழுகுது பாரு! வெண்புள்ளின்னு நெனச்சுக்குவாங்க. தள்ளி நில்லு சாமி!"

இதற்காகவே காத்திருந்தவள்போல நான் தள்ளி, காப்பிச் செடிகளுக்குள் போனேன்.

காப்பி இலை, தன் மேல் விழும் வெயிலில் சிவப்பைத் தின்றுவிட்டுப் பச்சையைத்தான் வெளியே விடும். செடிக்குள் நிற்கிற முகத்தின் மேல் விழுவது அந்தப் பச்சைதான். மனிதத் தோலுக்கு உயிர் கொடுப்பது சிவப்பு. அது இல்லாவிட்டால் மஞ்சள் காமாலை கண்டவளைப்போல் இருக்கும்.

அது போதாது. என் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கின் வெள்ளை வானம் முழுசாக விழும்படி நின்றேன். மாமாவின் பழைய போனுக்கு முகமும் தெரியாது, மனுசியும் தெரியாது. மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கணக்குப் போடும். வானத்தைப் பார்த்து மிரண்டு, முழுப் படத்தையும் இருட்டாக்கும்.

எடுத்தார். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டிக்கு மூக்கு வைத்ததுபோல் இருந்தேன்.

"இயற்கைன்னா இயற்கைதான்" என்றார் மாமா.

"நொம்ப மங்கலா இருக்குதே" என்றாள் அம்மா.

"அவங்க கேட்டது இதுதானேம்மா."

தோட்டத்தில் சிக்னல் இல்லை. சாலை வளைவில் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு வந்த பிறகுதான் மாமாவின் போனுக்கு உயிர் வந்தது. படத்தை அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது. கொட்டச்சேட்டிலும் சிக்னல் இல்லை போல.

அதே நேரம், மத்தியானமே அங்கிருந்து புறப்பட்டு வழியில் நின்றிருந்த ஒரு செய்தி எங்கள் போனில் வந்து விழுந்தது. ராஜ்குமாரே எழுதியிருந்தான்.

"முன்னாடி அனுப்புன போட்டோவுல ஸ்டுடியோக்காரங்க என் கன்னத்த மாத்திட்டாங்க. உங்க பொண்ணு இதைப் பாத்துட்டு முடிவு சொல்லட்டுங்க. ரெண்டு பேரும் வெயில்ல எடுத்து மாத்திக்கலாம்னு அத்தைகிட்டச் சொன்னது நான்தான்."

கீழே அவன் படம். காதிலிருந்து உதட்டோரம் வரை வெண்புள்ளி படர்ந்த கன்னம்.

முந்தைய படத்தில் அதை எப்படி மறைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நல்ல தோலைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து, மேலே ஒட்டி ஒட்டித் தேய்ப்போம். காதோரத்தில் ஒட்டுத் தெரியும். நான் அதைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

இது உச்சி வெயில். காப்பி காயவைக்கும் சிமென்ட் களத்தின் நடுவில், நிழல் ஒரு துண்டு இல்லாமல். மேலிருந்து விழும் வெயில் கண்ணைக் குழியாக்கும், மூக்கின் நிழலை மீசையாக்கும். யாரையும் அந்த நேரத்தில் நான் நிற்கவிட மாட்டேன்.

அவன் அந்தக் கன்னத்தைச் சூரியனுக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

அம்மா பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "நம்ம படத்த அழிச்சுரு ஜீவா. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"அழிச்சுருங்க மாமா" என்றேன் நானும். நான் சொன்னது படத்தை மட்டும். அம்மா என்னைத் திருப்தியோடு பார்த்தாள்.

எண்ணெய் விரலால் மாமா அழுத்தினார். "போயிருச்சு கண்ணு" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

அழிப்பதற்கு அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லோருக்கும். மற்றது, எனக்கு மட்டும். மாமா அழுத்தியிருந்தது இரண்டாவதை.

அந்தப் படம் இப்போது எங்களிடம் இல்லை. சிக்னல் வந்ததும் அவனிடம் மட்டும் இருக்கும்.