கூந்தல் தைலத்தின் உரிமை

“காப்புரிமை கம்பெனி பேர்லதான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே, இப்ப என்ன சார் ஆச்சு?” என்றார் திண்டுக்கல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியை ஏஞ்சலின்.

கூந்தல் தைலக் கம்பெனி முதலாளி ராயப்பராஜ் தொப்பியைக் கழற்றினார். கல்லூரி ஆய்வகத்தில் உருவான புதுத் தைலம் தேய்த்த தலை பளபளத்தது. அது வழிந்த இடத்தில் புருவத்தையும் காணோம்.

“எனக்குப் பங்கே வேணாம் மேடம். முழு உரிமையையும் காலேஜே வச்சுக்கிடட்டும்!” ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

ஏஞ்சலினுக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்தது. முகத்தை உம்மென்று வைத்திருந்தவர், ராயப்பராஜ் தலை மறைந்ததும் உள்ளறைக் கதவைத் திறந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்தும் அல் அமீன் ஆட்டுத்தோலோடு வெளியே வந்தார்.

“தடவுன செத்த நேரத்துல அம்புட்டு முடியும் உதிர்ந்துருச்சு மேடம்! நாளைக்கே பத்து டிரம் அனுப்புங்க.”